கடலில்லாத கோரமண்டல்

வங்கக் கடலின் மேற்குக் கரைக்குச் சோழமண்டலக் கரை என்பது பழம்பெயர். அப்பெயர் ஐரோப்பியர் நாவிலே திரிந்து கோரமண்டல் ஆயிற்று என்பர். ஆதலின் கோரமண்டல் என்றவுடன் அலையும் மணலும் கட்டுமரமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அதே பெயரைத் தாங்கிய இரயில் நிலையம் ஒன்று கடலுக்கு வெகு தொலைவிலே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்திலே, கர்நாடக மாநிலத்துக் கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே அலையோசை இல்லை. உப்புக் காற்று இல்லை. மேட்டு நிலத்துக் குளிர்ந்த காற்றும், வெண்சாம்பல் நிறக் குன்றுகளும், அவற்றின் அடிவாரத்திலே வரிசை வரிசையாகச் சிறு வீடுகளும், அவ்வீடுகளின் வாசலிலே தமிழ்ப் பேச்சும் உண்டு.

கோலார் தங்கவயல் என்று வழங்கும் ஊர்த்தொகுதியின் ஒரு பகுதியே இந்தக் கோரமண்டல். மலையூர்ப் பயணம் என்றால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வது நம்மவர் வழக்கம். அங்கே இயற்கை தானே விருந்து வைக்கும். தங்கவயலிலோ விருந்து வைப்பவர் மக்கள். அதனைச் சுவைக்கச் சிறிது வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும். கர்நாடக மாநிலத்திலே மொழிச் சிறுபான்மையினராகிய தமிழர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இங்கே வளர்த்த பண்பாடு யாது, அதனைக் காணச் செல்வோர் எதைக் காண வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க முயல்கிறோம்.

வழியும் வரவும்

சென்னையிலிருந்து செல்வோர் ஜோலார்பேட்டையைக் கடந்ததும் வண்டி மெல்ல மேட்டு நிலத்தை நோக்கி ஏறுவதை உணர்வர். தமிழ்நாட்டு எல்லை முடிந்து ஆந்திரத்துக் குப்பம் வரும். அதனைத் தாண்டினால் கர்நாடகம். ஒரே பகற்பொழுதில் மும்மொழி நிலங்களைக் கடந்து பங்காரப்பேட்டைச் சந்திப்பில் இறங்குகிறோம். மைசூரின் ஆணையராக இருந்த பௌரிங் என்பாரின் பெயரால் முன்பு பௌரிங்பேட்டை எனப்பட்ட ஊர் இது. பங்காரம் என்றால் பொன். துரையின் பெயர் போய்ப் பொன்னின் பெயர் வந்தது பொருத்தமே. இங்கிருந்து தங்கவயலுக்கென்று ஒரு கிளைப் பாதை பிரிகிறது. 1894-ஆம் ஆண்டில் அமைந்த அப்பாதையின் நீளம் பத்து மைல் அளவே. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிகிறது.

இவ்வழியே முதன்முதல் வந்தோர் பொழுதுபோக்க வந்தவர் அல்லர். அக்காலத்து வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும், சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழை உழவர்கள் அவர்கள். பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஒடுக்கப்பட்ட வகுப்பினர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும்பஞ்சத்தின் நினைவு மாறாத காலம் அது. ஊரிலே பண்ணையாரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவருக்கு, மாதந்தோறும் கையிலே காசு தரும் சுரங்க வேலை, அபாயம் நிறைந்ததாயினும், ஒரு விடுதலையாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு பொருத்தம் எண்ணத்தக்கது. தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது அருகிலுள்ள பேத்தமங்கலம் ஏரி. அந்த ஏரி பாலாற்றின் மீது அமைந்தது. கோலார் மேட்டு நிலத்திலே தோன்றும் அப்பாலாறுதான் கீழே இறங்கி வாணியம்பாடி, வேலூர் வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. ஆறு கீழே இறங்கிற்று. அதன் கரையில் வாழ்ந்த மக்கள் மேலே ஏறினர். ஏறி வந்தவர் இங்கே குடித்ததும் தம் ஊர் ஆற்றின் நீரையே.

பெயர்கள் சொல்லும் கதை

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு ஓர் ஊரிலே முதலில் கண்ணில் படுவன அதன் பெயர்களே. சாம்பியன் ரீப், நந்திதுர்க்கம், பாலகாட், மைசூர் என்பன சுரங்கங்களுக்கு இட்ட பெயர்கள். இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்பன குடியிருப்புகளின் பெயர்கள். இவற்றுள் பெரும்பாலானவை வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டவை. கோரமண்டலும் ஆங்கிலேயர் காலத்திலே அவ்வாறு வந்து சேர்ந்த பெயர்தான்.

எனினும் வந்த பெயர் அறியாமலே தன் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ என்று வியக்கும்படி ஒரு செய்தி உண்டு. பதினோராம் நூற்றாண்டிலே இக்கோலார் நாடு சோழர் ஆட்சியில் இருந்தது. கோலாருக்கு அக்காலப் பெயர் குவளாலம். அதனை உள்ளடக்கிய நிலப்பரப்புக்குச் சோழர் இட்ட பெயர் நிகரிலிச் சோழமண்டலம். தங்கவயலிலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலுள்ள கோலார் நகரில், கோலாரம்மன் கோயிலிலே, சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். ஆங்கிலேயர் கடற்கரைப் பெயர் என்று எண்ணிச் சூட்டிய சொல், ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே வேறு வடிவில் இந்நிலத்திற்கு உரியதாக இருந்தது. இது தற்செயலே. ஆயினும் தமிழ் இந்நாட்டுக்கு நேற்று வந்த மொழி அன்று என்பதையும், கன்னடமும் தமிழும் இம்மேட்டு நிலத்திலே நெடுங்காலமாக அண்டை வீட்டுக்காரராக வாழ்ந்தன என்பதையும் அத்தற்செயல் நமக்கு நினைவூட்டுகிறது.

பொன்னைக் கண்டவர் யார்?

தங்கவயலின் வரலாற்றை 1802-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பின்னர் மைசூர் நாட்டின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அலுவலர், இப்பக்கத்து மண்ணிலே பொன் கிடைப்பதாகக் கேள்வியுற்றார். பொன்னைக் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். உரிகத்து மக்கள் வண்டியிலே மண்ணைக் கொணர்ந்து அவர் முன்னிலையில் நீரில் அலசிக் காட்ட, பொன் துகள்கள் மின்னின. மாரிக்குப்பத்தின் அருகே ஒடுக்கப்பட்ட மக்கள் சிறு குழிகளுள் இறங்கிப் பாறையை உடைத்துக் கூடைகளிலே கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்டிர் அதனைக் கல்லிலே இடித்துப் பொடியாக்கி நீரில் அலசுவதையும் அவர் கண்டு எழுதி வைத்தார். அக்குறிப்பு 1804-இல் அச்சேறியது. அதனை ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்துப் படித்த மைக்கேல் லவெல் என்னும் முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுத் தோண்டத் தொடங்கினார். பின்னர் 1880-ஆம் ஆண்டளவில் இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. சில ஆண்டுகளில் வளமான பொன்னடுக்கு அகப்பட்டது.

நூல்களிலே வாரனுக்கும் லவெலுக்கும் இடம் உண்டு. மண்ணை அலசிக் காட்டிய உரிகத்தாருக்குப் பெயர் இல்லை. இதனைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. தங்கவயலுக்குச் செல்வோர் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுவே என்பதால் சொல்கிறோம். இங்கே துரைமாரின் மாளிகைகளைக் காண்பது எளிது. வேலை செய்தவரின் சுவடுகளைத் தேடித்தான் காண வேண்டும்.

மண்ணுக்கு மேலும் மண்ணுக்கு அடியிலும்

1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் நீளமான கம்பி வழியே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். தலைநகருக்கு முன்பே சுரங்க ஊர் ஒளி பெற்றது. அவ்வொளி முதலில் சென்றது இயந்திரங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்குமே. குளிர்ந்த காற்றும், தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், விளையாட்டுச் சங்கமும், தேவாலயங்களும் கூடி இவ்வூருக்குச் சின்ன இங்கிலாந்து என்னும் பெயரைத் தந்தன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்க வல்லுநரும், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரும் இங்கே வாழ்ந்தனர். ஆங்கிலோ இந்தியரும் தங்கவயலின் ஒரு சிறுபான்மையினரே. கிறிஸ்துமஸ் விழாவின் பாடலும் நடனமும் இவ்வூருக்கு அவர்கள் தந்த கொடை.

கீழே இருந்த உலகம் வேறு. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்கடியில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்தது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்கிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும். மேலிருந்து குளிர்ந்த காற்றைச் செலுத்தினாலன்றி அங்கே மனிதர் வேலை செய்தல் இயலாது. தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றிலும் உள்ள பாறை, தன்மேல் உள்ள சுமை தாளாமல் திடீரெனச் சிதறி வெடிப்பதும் உண்டு. அதனைத் தொழிலாளர் ‘ஏர்பிளாஸ்ட்’ என்பர். கீழே பாறை வெடித்தால் மேலே வீடுகள் அதிரும்; அடுக்களையில் பாத்திரங்கள் உருளும். அவ்வதிர்ச்சியைக் கேட்டவுடன் பெண்டிர் அடுப்பை விட்டு எழுந்து சுரங்க வாயிலை நோக்கி ஓடுவர். ஏர்பிளாஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியிலே பொருள் காண்பது எளிது. தங்கவயல் தாய்மார் அதற்குக் கொண்ட பொருள் அகராதியில் இல்லை.

இன்னொரு சொல் ‘தாயத்து’. நம் ஊர்களிலே குழந்தைக்கு நோய் நொடி அணுகாதிருக்க இடுப்பிலோ கையிலோ கட்டுவது தாயத்து. தங்கவயலிலோ, சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளி இன்னார் என்று அறிவதற்காக அவர் மணிக்கட்டிலே பூட்டிய உலோக அடையாளத்திற்கு மக்கள் அப்பெயரை இட்டனர். காப்பதற்குரிய சொல்லைக் கண்காணிப்புக் கருவிக்கு இட்டு வழங்கிய அக்கசப்பான நகைச்சுவையிலே எழுதப்படாத வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து அவர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். பொன்னைத் திருடுவோர் என்ற ஐயத்துடன் தம்மை நோக்குவதை அவர்கள் பொறுக்கவில்லை. கூலிக்காக மட்டுமன்றி மானத்திற்காகவும் நடந்த போராட்டம் அது.

ஏடு வளர்த்த ஊர்

தங்கவயலின் பண்பாடு என்று நாம் சிறப்பித்துச் சொல்ல விரும்புவது அம்மக்களின் வாசிப்பையே. சென்னையில் அயோத்திதாச பண்டிதர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சாதி வேற்றுமை இல்லாத பழைய அறம் பௌத்தமே என்றும், ஒடுக்கப்பட்ட மக்கள் அவ்வறத்திற்கு உரியவர் என்றும் அவர் எடுத்துரைத்தார். 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. சங்கத்தின் கிளைகள் பலவற்றுள் வலிமை மிக்கதாக மாரிக்குப்பத்துக் கிளை விளங்கிற்று. பகலும் இரவும் மண்ணுக்கடியில் பாறை உடைத்தவர் தம் கூலியில் ஒரு பகுதியை ஈந்து இதழையும் சங்கத்தையும் தாங்கினர் என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது. எழுதப் படிக்க அறிந்தவர் ஒருவர் இதழை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது அக்கால வழக்கம்.

பண்டிதர் 1914-இல் மறைந்தார். சில ஆண்டுகளில் இதழ் நின்றது. அதனை 1926-இல் மீண்டும் உயிர்ப்பித்தது தங்கவயலே. ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து அதனை இவ்வூரிலிருந்து வெளியிட்டார். பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலுக்கு உரியது. பழைய ‘தமிழன்’ இதழ்களைச் சிலர் தம் இல்லங்களில் பேணிக் காத்தமையால், 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என நூலாக்க இயன்றது. இன்று பல்கலைக்கழகங்களிலே ஆராயப்படும் அவ்வெழுத்துகள் ஒரு காலத்தில் கூலித் தொழிலாளரின் ஆதரவால் நிலைபெற்றவை. இவ்வூரில் தோண்டியெடுத்த பொன் ஊரை விட்டுப் போயிற்று. இவ்வூரார் தாங்கிய ஏடு நம் அனைவருக்கும் வந்து சேர்ந்தது.

விழாவும் வீதியும்

தொழிலாளர் குடியிருப்புகளை இங்கே ‘லைன்’ என்பர். தொடக்கத்தில் அவை மூங்கில் தட்டியால் அடைத்த குடிசைகள். பின்னர் ஓடும் தகரமும் வேய்ந்த வரிசை வீடுகள் ஆயின. வீடு சிறிது, ஆதலின் வாழ்க்கை பெரும்பாலும் வாசலிலே நடந்தது. வாசலே திண்ணை, வாசலே கூடம். ஒரு வீட்டுத் துக்கம் லைன் முழுவதற்கும் துக்கம். ஒரு வீட்டுத் திருமணத்திற்கு லைன் முழுவதும் பந்தல்.

தங்கவயலின் ஆண்டு தை மாதத்துப் பொங்கலோடு தொடங்குகிறது. வயலில்லாத வயல் இது. தங்கவயலில் நெல் விளையாது. ஆயினும் உழவரின் பேரர்கள் சுரங்க ஊரிலே புதுப்பானை ஏற்றிப் பொங்கலிடுவதை விடவில்லை. ஏப்ரல் 14-ஆம் நாள் அம்பேத்கர் பிறந்த நாள் இவ்வூரின் பெருவிழா. பறையும் நாதசுரமும் முழங்க ஊர்வலம் செல்லும். வைகாசிப் பௌர்ணமியில் பௌத்தர் புத்தர் பிறந்த நாளைக் கொண்டாடுவர். பஞ்சசீலத்தைத் தமிழர் கூடிச் சொல்லும் ஒலியை அன்று கேட்கலாம். இராபர்ட்சன்பேட்டை வேங்கடரமணர் கோயிலின் பூப்பல்லக்கு ஊரையே வீதிக்கு அழைத்து வரும். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பர். சாம்பியன் ரீப்பில் வெற்றி மாதா தேவாலயத் திருவிழாவுக்குச் சமய வேற்றுமை பாராது மக்கள் திரள்வர்.

மொழியும் இவ்வாறே கலந்தது. தங்கவயல் தமிழ் வடஆர்க்காட்டுத் தமிழே. ஆயினும் அதனுள் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் விருந்தினராக வந்து வீட்டாராகிவிட்டன. ஷாப்ட், ஷிப்ட் முதலிய சொற்களை எழுத்தறியாத முதியோரும் தாய்மொழிபோல் வழங்குவர். வேலை நேரத்தை அறிவிக்கும் ஊதலுக்கு மட்டும் ‘சங்கு’ என்று நல்ல தமிழ்ப் பெயர். சங்கு ஊதினால் அடுப்பு மூட்டுவர். சங்கு ஊதினால் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும். ஊர் முழுவதற்கும் அதுவே கடிகாரம்.

சங்கு நின்ற பின்

1956-ஆம் ஆண்டு மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. இடையிலே 1965-ஆம் ஆண்டு, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்திலே, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞரும் கூடி நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டைப் பதிவு செய்தனர். காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை முதன்முதல் அறிந்த இடங்களுள் ஒன்று என்ற பெருமையும் இவ்வாறு தங்கவயலுக்குக் கிட்டியது.

ஆனால் பாறையின் வளம் குன்றியது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதிக் காலத்தில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கிற்று. எடுக்கும் செலவு விலையை விஞ்சியது. ஏறத்தாழ 800 டன் பொன்னைத் தந்த சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியோடு மூடப்பட்டன. இன்று சுரங்கங்களில் நீர் நிறைந்திருக்கிறது. இறங்கிப் பார்க்கலாம் என்று எவரும் எண்ணிச் செல்லுதல் வேண்டா. சுரங்கக் கூடுகளின் துருப்பிடித்த சக்கரங்களைத் தொலைவிலிருந்தே காணலாம்.

முதலில் குறித்த வெண்சாம்பல் குன்றுகள் இயற்கைக் குன்றுகள் அல்ல. பாறையைப் பொடியாக்கிச் சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்த பின் கொட்டிய கழிவு மண் அது. மக்கள் அதனைச் சயனைடு மலை என்றே அழைப்பர். பதின்மூன்று மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் குவிந்து கிடக்கிறது. காற்று வீசும் பருவத்தில் அத்தூசி பறந்து வீடுகளுக்குள் படியும். அம்மண்ணில் எஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசைவளித்தது. அத்திட்டத்தால் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை வருமா என்பதே லைன் மக்களின் கேள்வி.

நாம் சென்றிருந்தபோது ஒரு லைன் வாசலிலே முதியவர் ஒருவரைக் கண்டோம். முப்பது ஆண்டு சுரங்கத்தில் உழைத்தவர். “வாங்கய்யா, உட்காருங்க” என்று பாயை விரித்துக் காப்பி தந்தார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர் என்று பேச்சுவாக்கில் வினவினோம். “சங்கு நின்னு போச்சுங்க ஐயா, எனக்கு மட்டும் இன்னும் ஊதிக்கிட்டே இருக்குது. அஞ்சு மணிக்கு முழிச்சுக்குறேன்” என்றார். அவர் மகன் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவு திரும்புகிறான். போகவும் வரவும் இருநூறு கிலோமீட்டர். சுரங்கம் மூடிய பின்னும் தங்கவயல் பாழ்படாமல் நிற்பது இவ்வாறு நாள்தோறும் போய்வருவோர் உழைப்பினாலேயே.

பேரனோ ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான். கன்னடமும் கற்கிறான். வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது கடமை. அதனால் நன்மையே உண்டு. ஆனால் அச்சிறுவன் தாத்தாவின் பெட்டியிலிருந்த பழைய தமிழ்ப் புத்தகத்தைப் படிக்க இயலாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தமிழ் பேசுவான், படிக்க அறியான். தமிழ்வழி வகுப்புகளில் சேருவோர் இங்கே குறைந்து வருகின்றனர். வார இதழ் ஒன்றைத் தம் கூலியால் வாழவைத்த மக்களின் கொள்ளுப்பேரர்கள் அவ்விதழைப் படிக்க இயலாத நிலை வருமாயின் அவ்விழப்பை என்னென்பது! சயனைடு மண்ணில் எஞ்சிய பொன்னை எடுக்க இயந்திரம் உண்டு. ஒரு தலைமுறை கைவிட்ட எழுத்தை மீட்டெடுக்க வீட்டிலும் வீதியிலும் உள்ளோர்தாம் முயலுதல் வேண்டும். விடுமுறையில் ஒரு திண்ணையிலே பத்துப் பிள்ளைகளை அமர்த்தி அரிச்சுவடி சொல்லித் தருவது பெருஞ்செலவு பிடிக்கும் செயல் அன்று. மாரிக்குப்பத்து முன்னோர் அவ்வாறே தொடங்கினர்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

2018-இலும் 2022-இலும் வெளிவந்த கன்னடத் திரைப்படங்களால் கே.ஜி.எஃப். என்னும் மூன்று எழுத்து நாடெங்கும் பரவிற்று. அப்படக் கதைகள் கற்பனை. இவ்வூர் மக்களின் வாழ்க்கை அவற்றில் இல்லை. 2024-இல் வந்த ‘தங்கலான்’ என்னும் தமிழ்ப்படம் முதன்முதல் பொன் தேடிய ஒடுக்கப்பட்ட மக்களைக் கதைத்தலைவராக்கியது; அதுவும் வரலாற்றோடு கற்பனை கலந்ததே. ஆதலின் திரையை மறந்துவிட்டுச் செல்க.

மார்கழி, தை மாதங்கள் இனியவை. குளிர் இருக்கும், கிறிஸ்துமஸும் பொங்கலும் அடுத்தடுத்து வரும். ஏப்ரல் நடுவில் செல்வோர் ஊர்வலத்தைக் காண்பர். கோரமண்டல் நிலையத்தில் இறங்கி உரிகம் வழியே நடந்து செல்வது நன்று. பழைய பங்களாக்களையும் தேவாலயங்களையும் காண்க. பின்னர் லைன்களுக்குள்ளும் செல்க. அங்கே வாசல் என்பது வீட்டின் உள்ளறைக்குச் சமம் என்று அறிந்து, அழைத்த பின் நுழைக. கேட்ட பின் படம் எடுக்க. வேடிக்கைப் பொருளாக எவரையும் நோக்காதிருத்தல் விருந்தினர்க்கு அழகு. கழிவு மண் மேடுகளில் ஏறுதல் வேண்டா. முதியோர் ஒருவரைக் கண்டால் சுரங்கம் எத்தனை அடி என்று கேட்பதினும், அவர் படித்த முதல் புத்தகம் யாது, பாடிய பாட்டு யாது என்று கேட்பது சிறந்தது. அக்கேள்விக்கு முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

சிறுபான்மை என்பது கணக்கெடுப்போர் சொல். மாநிலக் கணக்கில் சிறுபான்மையினராகிய இம்மக்கள் தம் லைனில் சிறுபான்மையினர் அல்லர். தமிழ் ஏட்டு வரலாற்றிலும் அவர்கள் பங்கு சிறிதன்று. நாம் திரும்பிய மாலையில் பெங்களூரிலிருந்து வந்த வண்டி கோரமண்டலில் நின்றது. கூட்டம் கூட்டமாக இளைஞரும் இளம்பெண்களும் இறங்கினர். உணவுப் பையும் களைத்த முகமுமாக, ஆயினும் உரத்த தமிழிலே சிரித்துப் பேசிக்கொண்டு, லைன்களை நோக்கி நடந்தனர். கடலில்லாத அக்கோரமண்டலில் நமக்குக் கேட்ட அலையோசை அதுவே.